நம்ம ஆள்தானே என்று சாவியைக் கொடுப்பதற்கு முன்

கேள்வி இது: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றை வெட்டிக் கட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மூன்று அறைத் தரை வீடு. அப்பா சேமநிதிப் பணத்தில் வாங்கியது. அவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. கெரான் (நிலப் பட்டா) இன்னும் அவர் பெயரில்தான். வீட்டில் இருந்த உறவினர் காலி செய்கிறார். கோயில் கமிட்டியில் தெரிந்த ஒருவர் “எனக்கே கொடுங்கள்” என்கிறார். தொழிற்சாலை சூப்பர்வைசர் ஒருவர், வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தங்கவைக்கக் கூடுதல் வாடகை தருவதாகச் சொல்கிறார். யாருக்குக் கொடுப்பது? வாடகைப் பணத்தை நம்பி இரண்டாவது வீடோ, தோட்ட நிலத்தில் விற்கும் ஒரு ‘லாட்’டோ (மனைத் துண்டோ) வாங்கலாமா?

சின்ன ஊரில் வீட்டுக்காரர்கள் பணம் இழப்பது பெரும்பாலும் முகத்தாட்சண்யத்தில்தான். அப்பாவோடு ஒரே தோட்டத்தில் பால் வெட்டியவரின் மகன், திருவிழாவில் கூடவே நின்றவர் என்றால் ஐ.சி. (அடையாள அட்டை) நகல் கேட்க வாய் வராது. டெபாசிட் கேட்கக் கூச்சமாக இருக்கும். ரசீது எழுதினால் தப்பாக நினைப்பாரோ என்று தோன்றும். ஆறு மாதம் கழித்து வாடகை நின்றால், அதையும் கேட்க வாய் வராது. கீழே சொல்வதெல்லாம் தெரிந்தவருக்கும் பொருந்தும். தெரிந்தவருக்குத்தான் முதலில் பொருந்தும்.

வாடகைக்கு ஆள் தேடுவதற்கு முன் பெயர் மாற்ற வேலையைத் தொடங்குங்கள். அப்பா உயில் எழுதவில்லை, அவர் விட்டுச் சென்ற மொத்தச் சொத்தின் மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டவில்லை, அதில் வீடோ நிலமோ இருக்கிறது என்றால் உயர் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. சொத்து இருக்கும் மாவட்டத்துக்குரிய சிறு சொத்துப் பகிர்வுப் பிரிவில் ‘போராங் ஏ’ என்ற படிவத்தைக் கொடுத்தால் போதும். இறப்புச் சான்றிதழ், கெரான் நகல், வாரிசுகள் எல்லாருடைய ஐ.சி., பிறப்புச் சான்றிதழ்கள், அம்மாவின் திருமணச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். பிறகு விசாரணை நாள் தருவார்கள். வர முடியாத வாரிசு எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். முடிவில் ‘போராங் இ’ என்ற பகிர்வு உத்தரவு வரும்; அதை வைத்துத்தான் கெரானில் பெயர் ஏறும்.

இந்த வேலை இழுத்தடிக்க நம்மவர்களிடம் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பெயர் எழுத்துக் குழப்பம்: பிறப்புச் சான்றிதழில் தோட்டத்துக் கிராணி எழுதியது ஒரு மாதிரி, ஐ.சி.யில் வேறு மாதிரி. ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எடுத்து முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று திருமணப் பதிவு. 1982 மார்ச் 1க்கு முன் சமய முறைப்படி நடந்த திருமணத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்தி, பதியாமல் விட்டிருந்தால் அம்மாவின் பங்கே கேள்விக்குள்ளாகும். முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பங்கு இப்படி: தாத்தா, பாட்டி இருவரும் உயிரோடு இல்லையென்றால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அம்மாவுக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, அவர்களுக்குக் கால்.

உத்தரவு வரும்வரை வீட்டைப் பூட்டி வைக்க முடியாது என்றால், எல்லா வாரிசுகளும் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, பணம் எந்தக் கணக்கில் சேரும், யார் செலவு பார்ப்பார் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இது தற்காலிக ஏற்பாடு மட்டுமே. வழக்கு என்று போனால், கையில் உத்தரவு இல்லாதவரின் நிலை பலவீனமானது. அதனால் இந்தக் காலத்தில் ஒரு வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் போடாதீர்கள்.

இனி ஆள். சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்குக் கேளுங்கள், கூடவே சேமநிதிக் கணக்கு அறிக்கை. சம்பளச் சீட்டை யாரும் அடித்துத் தரலாம். சேமநிதியில் மாதாமாதம் முதலாளி பங்கு ஏறியிருப்பதைப் பொய்யாகக் காட்டுவது கஷ்டம். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். வாடகை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், முதலில் மோட்டார் சைக்கிள் தவணை நிற்கும், அடுத்து உங்கள் வாடகை நிற்கும். கணக்கை அடிப்படைச் சம்பளத்தில் போடுங்கள். தோட்டத்தில் மழை மாதங்களில் பால்வெட்டு நாள் குறையும், செம்பனைக் குலை அறுப்பும் தடைப்படும். தொழிற்சாலையில் ஆர்டர் இல்லையென்றால் ஓவர்டைம் போய்விடும். சீட்டில் 2,600 என்று இருப்பவருக்கு உறுதியான வருமானம் 1,700தான் என்றால், 700 ரிங்கிட் வாடகை அவருக்குப் பாரம். கணவன் மனைவி இருவரும் வேலை செய்கிறார்களா என்பது இங்கே முக்கியமான கேள்வி.

வாடகை நாளை மாதம் 1ஆம் தேதி என்று வைப்பது வழக்கம். நம் ஊருக்கு அது சரிப்படாது. வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தால் போதும். பல முதலாளிகள் அந்த ஏழாம் தேதியில்தான் போடுகிறார்கள். வாடகை நாளை 8 என்று வையுங்கள். மாதம் பிறந்தவுடன் “இன்னும் சம்பளம் வரலீங்க” என்று ஒரு பேச்சும் வேண்டாம். எட்டாம் தேதி தாண்டினால் அது உண்மையான தாமதம் என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

விசாரிப்பது என்றால் இப்போது இருக்கும் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். தொல்லை கொடுக்கும் ஆளை அனுப்பிவிட வேண்டும் என்று நினைப்பவர் நல்ல வார்த்தைதான் சொல்வார். அதற்கு முந்தைய வீட்டுக்காரரைத் தேடிப் பிடியுங்கள். முடிந்தால் ஒப்பந்தத் தாளில் ஏதோ விவரம் கேட்கிற சாக்கில் அவர்கள் இப்போது இருக்கும் வீட்டுக்கே போய் வாசலில் நின்று வாருங்கள். அடுப்படிச் சுவரும் குளியலறைத் தரையும் எப்படி இருக்கின்றனவோ, உங்கள் வீடும் ஒரு வருடத்தில் அப்படித்தான் இருக்கும்.

தமிழ்ப்பள்ளிக்குப் பக்கத்து வீடுகளுக்குப் பள்ளித் தவணை தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே ஆள் தேடி வரும். மகாத்மா காந்தி கலாசாலைப் பக்கம் வீடு கிடைக்குமா என்று கேட்டு வருகிற குடும்பம், பிள்ளை ஆறாம் ஆண்டு முடிக்கும்வரை அசையாது. மாதம் 50 ரிங்கிட் குறைவாகக் கேட்டாலும் அவர்களுக்கே கொடுங்கள். ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 700 போகிறது; 50 குறைத்தால் வருடத்துக்கு 600தான்.

சூப்பர்வைசர் சொல்லும் கூடுதல் வாடகையைப் பற்றிக் கவனமாக இருங்கள். தொழிலாளர் தங்குமிடத்துக்கான 446ஆம் சட்டம் 2020 ஜூன் முதல் எல்லாத் துறைகளுக்கும் விரிந்திருக்கிறது. தங்குமிடச் சான்றிதழை முதலாளி தொழிலாளர் இலாகாவில் வாங்க வேண்டும். வாங்காமல் ஆளைத் தங்கவைத்தால் அபராதம் 50,000 ரிங்கிட் வரை போகும். டார்மிட்டரி அல்லாத வீட்டில் ஒருவருக்குப் படுக்கும் இடம் குறைந்தது 3.6 சதுர மீட்டர்; ஆறு பேருக்கு ஒரு கழிப்பறையும் ஒரு குளியலறையும். பத்துக்குப் பத்து அடி அறை 9.3 சதுர மீட்டர்தான் வரும், அதாவது இரண்டு பேர். மூன்று அறை, ஒரு கழிப்பறை, ஒரு குளியலறை உள்ள வீட்டில் ஆறு பேருக்கு மேல் சட்டப்படி இடமில்லை. சூப்பர்வைசர் மனதில் வைத்திருப்பது பன்னிரண்டோ பதினைந்தோ. அந்தக் கூட்டத்தில் கழிவுத் தொட்டி நிரம்பும், வயரிங் சூடாகும், பக்கத்து வீட்டார் நகராண்மைக் கழகத்துக்குப் போவார்கள். பெர்மிட் இல்லாத ஆள் ஒருவர் பிடிபட்டாலும் குடிநுழைவுச் சட்டத்தின் 55இ பிரிவு இடத்தை வைத்திருப்பவர் மேல் பாயும். ஆளுக்கு 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம். கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் கம்பெனியோடு மட்டும் ஒப்பந்தம்: கம்பெனிப் பதிவு எண், டைரக்டர் கையெழுத்து, தங்குவோர் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் கொண்ட பட்டியல், ஆறு பேர் உச்சவரம்பு, சான்றிதழ் நகல் கையில் வந்த பிறகே சாவி. இதைக் கேட்டதும் சூப்பர்வைசர் காணாமல் போய்விட்டால், நல்லதுதான்.

ஒப்பந்தத்துக்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை, முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. கணக்கு எளிது: ஒரு வருடத்துக்கு மிகாத வாடகைக்கு, ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 1 ரிங்கிட். முன்பு முதல் 2,400க்கு விலக்கு இருந்தது. 2025 ஜனவரியோடு அது போய்விட்டது. மாதம் 700 என்றால் ஆண்டுக்கு 8,400. 250ஆல் வகுத்தால் 33.6, அதை 34 என்று எடுங்கள், 34 ரிங்கிட். நகலுக்கு 10 ரிங்கிட். ஒன்றிலிருந்து மூன்று வருடம் என்றால் 250க்கு 3 ரிங்கிட், அதே வாடகைக்கு 102. ஒரு வருடம் போட்டு, விரும்பினால் இன்னொரு வருடம் என்று ஒரு ஷரத்து வைப்பது போதும். கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரை இட வேண்டும். தாமதம் மூன்று மாதத்துக்குள் என்றால் 50 ரிங்கிட் அல்லது பத்து விழுக்காடு, எது அதிகமோ அது. அதற்கு மேல் 100 அல்லது இருபது விழுக்காடு. 2026 முதல் வாடகை ஒப்பந்தங்களுக்குச் சுய மதிப்பீட்டு முறை வந்துவிட்டதால், வருமான வரி வாரியத்தின் இணையத்தில் கணக்கை நீங்களே போட்டுக் கட்ட வேண்டும். தப்பாகப் போட்டால் பொறுப்பும் உங்களுடையதே. மூன்று வருடத்துக்கு மேல் போகாதீர்கள். அது குத்தகையாகி நில அலுவலகத்தில் பதிய வேண்டிய விவகாரம்.

ஒப்பந்தத்தில் வீட்டில் குடியிருக்கப் போகும் எல்லார் பெயரும் இருக்கட்டும். “குடும்பத்தினர்” என்ற ஒற்றைச் சொல்லை நம்பினால் மூன்றாம் மாதம் மச்சான், அவர் நண்பர் என்று வீடு நிறையும். வேறொருவருக்கு உள்வாடகை விடக் கூடாது, 150 ரிங்கிட்டுக்கு உட்பட்ட சில்லறை ரிப்பேர் குடியிருப்பவர் செலவு, கூரையும் குழாயும் வயரிங்கும் உங்கள் செலவு, ஒரு நாள் முன் சொல்லி வீட்டைப் பார்க்கலாம், காலி செய்ய இரண்டு மாத அறிவிப்பு. டெபாசிட் இரண்டு மாத வாடகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை முன்கூட்டி. இரண்டு மாதம் கொடுக்க முடியாத நல்ல குடும்பமென்றால் ஒரு மாதம் இப்போது, மீதியை மாதம் 100ஆக என்று எழுதிக்கொள்ளலாம். டெபாசிட்டே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். கடைசி மாத வாடகைக்கு டெபாசிட்டைக் கழிக்கக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். சுவர் ஓட்டையும் பில் பாக்கியும் தெரிவது அவர்கள் போன பிறகுதான்.

சாவி கொடுக்கும் அன்று மின்சார நிறுவனமான தெனாகாவின் மீட்டர், தண்ணீர் மீட்டர் இரண்டையும் எண் தெரியப் படம் எடுங்கள். ஒவ்வொரு அறையையும் காணொலியாக எடுத்து அவர்கள் வாட்ஸ்அப்புக்கே அனுப்பி, “பார்த்தேன், சரி” என்று பதில் வாங்குங்கள். இதைவிட மலிவான சாட்சி கிடையாது.

மின்சாரக் கணக்கைக் குடியிருப்பவர் பெயருக்கு மாற்றுவதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தெனாகாவின் ‘மை டி.என்.பி.’ (myTNB) ஆப்பில் முத்திரையிட்ட ஒப்பந்தத்தை ஏற்றிச் செய்துவிடலாம். அவர்கள் சுமார் இரண்டு மாத உபயோகத்துக்கு டெபாசிட் கட்ட வேண்டும். காரணம் பில் பாக்கி மட்டுமல்ல. மீட்டரில் கை வைத்துக் குறைத்திருப்பதைத் தெனாகா கண்டுபிடித்தால், முந்தைய மாதங்களின் இழப்பைக் கணக்கில் பதிவான வாடிக்கையாளரிடம்தான் கேட்கும். யார் கை வைத்தார் என்பது பிறகு. கடைவீட்டை வாடகைக்கு எடுத்து, ஜன்னலை அடைத்து, பிட்காயின் எந்திரம் ஓட்டுகிற கூட்டம் நாடு முழுக்க உண்டு. மாடியை மட்டும் கேட்டு, வாடகையைப் பேரம் பேசாமல், ஒரு வருடப் பணத்தை ரொக்கமாக நீட்டுகிறவரைக் கண்டால் உஷாராகுங்கள். தண்ணீர்க் கணக்கு உங்கள் பெயரிலேயே இருந்தால் மாதாமாதம் பில்லை நீங்களே பாருங்கள். திடீரென்று இரட்டிப்பானால் ஒன்று ஒழுக்கு, இல்லை ஆள் கூடியிருக்கிறது.

வீட்டின் உடல்நிலைக்கு வருவோம். பழைய தோட்டத்து மண்ணில் கட்டிய தாமான்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு: கரையான். மரங்களை வெட்டித் தள்ளி மண்ணைச் சமப்படுத்தும்போது ரப்பர் வேரும் கட்டையும் அடியிலேயே புதைந்துவிடுகின்றன. கரையானுக்கு அது களஞ்சியம். அந்தத் தீனி தீர்ந்ததும் தரை வெடிப்பு, கழிவுக் குழாய் நுழையும் இடம், அடுப்படி அலமாரிக்குப் பின்புறம் வழியாக உள்ளே ஏறும். கதவு நிலையின் அடிப்பாகத்தை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். பொந்துச் சத்தம் கேட்டால் உள்ளே ஒன்றுமில்லை. மண் குழாயைக் கண்டதும் ஒட்டுக்கடையில் ஸ்பிரே வாங்கி அடிப்பது பெரிய தப்பு. கண்ணில் பட்ட நூறு செத்து, மீதிக் கூட்டம் வேறு வழியாகப் போய்விடும், தூண்டில் (மருந்து கலந்த தீனி) வைக்க வருபவருக்கும் தடம் கிடைக்காது. கலைக்காமல் விட்டு, லைசென்ஸ் உள்ள பூச்சிக் கட்டுப்பாட்டு ஆளைக் கூப்பிடுங்கள். தூண்டில் முறையில் அவை தின்று கூட்டுக்கு எடுத்துப் போகும். கூடு சாகச் சில வாரம் முதல் சில மாதம்வரை ஆகும். மண்ணில் மருந்து இறக்கும் முறையென்றால், சுவரோரம் வரிசையாகத் துளையிட்டு, மீட்டருக்கு ஏறத்தாழ 5 லிட்டர் கலவை இறங்க வேண்டும். இருபதடி வீட்டின் முன்னும் பின்னும் மட்டும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போகிறார் என்றால் அந்த உத்தரவாதக் கடிதத்துக்கு மதிப்பில்லை. தொடர்வீடு என்பதால் பக்கத்து இரண்டு வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு செய்தால்தான் பலன்.

மின்சாரப் பெட்டியைத் திறந்து, மின்கசிவு ஏற்பட்டால் தானாக விழும், நம்மவர்கள் இ.எல்.சி.பி. என்று சொல்லும் அந்தச் சுவிட்சில் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது பெட்டியில் இருக்கும் அலங்காரப் பொருள். சுடுநீர் ஹீட்டருக்கு 10 மில்லிஆம்பியரில் விழும் தனிச் சுவிட்ச் வேண்டும். வீடு முழுவதற்கும் உள்ள 100 மில்லிஆம்பியர் சுவிட்ச் ஈரத் தரையில் நிற்பவரைக் காப்பாற்றாது. குடியிருப்பவர் தாமே ஹீட்டர் மாட்டிக்கொள்ளக் கூடாது, தகுதிபெற்ற வயர்மேன்தான் மாட்ட வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள்.

கழிவுத் தொட்டியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். சிமெண்டுப் போட்டு முன்வாசலை உயர்த்தியவர்கள் மூடியையும் புதைத்திருப்பார்கள், அதை முதலில் தேடி எடுங்கள். பெயிண்ட்: மூன்று அறை வீட்டுக்கு உட்சுவர் இரண்டு பூச்சுக்கு 18 லிட்டர் வாளி இரண்டும் கொஞ்சமும் ஆகும். எப்போதும் ஒரே வெள்ளை, ஒரே பிராண்ட். அடுத்த முறை கறை பட்ட இடத்தை மட்டும் தொட்டுவிடலாம். வீடு காலியாக இருக்கும் நாட்களில் கழிப்பறைத் தொட்டி, தரை வடிகால், பின்புற வாளி ஆகியவற்றில் நிற்கும் தண்ணீரைப் பாருங்கள். ஏடிஸ் புழு கண்டுபிடிக்கப்பட்டால் 500 ரிங்கிட் கம்பவுண்ட் (அபராதம்) உங்கள் பெயருக்கு வரும், ஆளில்லாத வீடு என்பது சாக்காகாது.

வாடகை நின்றால் என்ன செய்வது? முதலில் என்ன செய்யக் கூடாது என்பது: பூட்டை மாற்றாதீர்கள், தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டாதீர்கள், சாமானை வெளியே வைக்காதீர்கள். வாடகைக் காலம் முடிந்துவிட்டிருந்தாலும், நீதிமன்றம் வழியாக அன்றி ஆளை வெளியேற்ற முடியாது என்று 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு சொல்கிறது. பூட்டை மாற்றிய அன்றே வாடகை பாக்கிக்காரர் வாதியாகிவிடுவார், நீங்கள் பிரதிவாதி.

எட்டாம் தேதி தாண்டி மூன்றாம் நாள் ஒரு வாட்ஸ்அப். பதினைந்தாம் நாள் கடிதம், பதிவுத் தபாலில். ஒரு மாதம் முழுதாக விழுந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்து, இந்தத் தேதிக்குள் காலி செய்யுங்கள் என்ற அறிவிப்பு. அந்தத் தேதிக்குப் பிறகும் இருந்தால் 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28(4) பிரிவின் கீழ் இரட்டை வாடகை கேட்கலாம் என்பதையும் கடிதத்திலேயே எழுதுங்கள். பாதிப் பேர் அதற்கே கிளம்பிவிடுவார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அறிவிப்பு கொடுத்த பின் அவர் 300 ரிங்கிட்டைக் கணக்கில் போட, நீங்கள் “வாடகை கிடைத்தது” என்று பதில் போட்டால், பழைய வாடகை உறவை நீங்களே புதுப்பித்ததாக வாதாட இடம் கொடுக்கிறீர்கள். “முந்தைய பாக்கிக்கு வரவு, என் உரிமைகளுக்குப் பங்கமில்லை” என்று எழுதுங்கள்.

சாமானை ஜப்தி செய்து ஏலம் விடும் வழியும் உண்டு. 1951ஆம் ஆண்டுச் சட்டம் பன்னிரண்டு மாதப் பாக்கிவரை அதற்கு அனுமதிக்கிறது. கடைவீட்டுக்கு அது பயன்படும். தரை வீட்டில் பழைய டி.வி.யும் வாஷிங் மெஷினும் ஜப்தி செய்து செலவுக்கே காணாது. ஆள் போய்விட்டார், பாக்கி 5,000 ரிங்கிட்டுக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில், போராங் 198 நிரப்பி, வழக்கறிஞர் இல்லாமலே போடலாம். அதில் பணம்தான் கேட்க முடியும், வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கேட்க முடியாது. உண்மையில், இரண்டு மாதப் பாக்கியைத் தள்ளுபடி செய்து, லாரி வாடகையும் கொடுத்து, காலி செய்ததாகக் கையெழுத்து வாங்கி அனுப்புவது பல சமயம் வழக்கைவிட மலிவு. மனம் ஒப்பாது, கணக்கு ஒப்பும்.

வரி சுருக்கமாக: வாடகை வருமானத்தை அந்தந்த ஆண்டு அறிவிக்க வேண்டும். வீட்டு வரி, நில வரி, கடன் வட்டி, தீ காப்புறுதி, ரிப்பேர் கழியும். முதல் குடியிருப்பவரைத் தேடிய ஏஜெண்ட் கமிஷனும் முதல் ஒப்பந்த முத்திரையும் கழியாது. தவணையில் அசல் பகுதியும் கழியாது. திருப்பித் தர வேண்டிய டெபாசிட் வருமானமல்ல. ரசீதுகள் ஏழு வருடம் இருக்கட்டும்.

இரண்டாவது வீட்டுக் கணக்கைப் பேச்சுக்கு ஒரு எண்ணில் போட்டுப் பார்ப்போம். விலை 180,000. பத்து விழுக்காடு முன்பணம் 18,000. பெயர் மாற்ற முத்திரை 2,600, கடன் முத்திரை 810. வழக்கறிஞர் கட்டணம் முதல் ஐந்து லட்சம்வரை ஒன்றேகால் விழுக்காடு: வாங்கும் பத்திரத்துக்கு 2,250, கடன் பத்திரத்துக்கு 2,025, அதன் மேல் சேவை வரி, சில்லறைச் செலவு, மதிப்பீட்டாளர். கையிலிருந்து 28,000 போகும். கடன் 162,000, வட்டி 4.2 விழுக்காடு, 30 வருடம் என்றால் தவணை ஏறத்தாழ 792. வாடகை 750. வருடத்தில் ஒரு மாதம் காலி, ஒரு மாத வாடகை ரிப்பேருக்கு, வரியும் காப்புறுதியும் 400 என்று வைத்தால் கைக்கு வருவது 7,100. தவணைக்குப் போவது 9,500. வருடம் 2,400, மாதம் 200 உங்கள் சம்பளத்திலிருந்து போட வேண்டும். அதைப் பத்து வருடம் போடத் தெம்பு இருந்தால் வாங்குங்கள். “வாடகையே தவணையைக் கட்டிவிடும்” என்று விற்பவர் சொல்வது, காலி மாதமே வராத, கூரையே ஒழுகாத வீட்டுக்கு. ஐந்து வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் சொத்து லாப வரி: மூன்று வருடத்துக்குள் 30 விழுக்காடு, நான்காம் வருடம் 20, ஐந்தாம் வருடம் 15. ஆறாம் வருடத்திலிருந்து குடிமக்களுக்கு இல்லை. மூன்றாவது வீட்டுக் கடனிலிருந்து வங்கி 70 விழுக்காடுதான் தரும்.

மலிவு விலை வீடென்றால் கெரானில் ‘செகாத்தான் கெபெந்திங்ஙான்’ (உரிமைக் கட்டுப்பாடு) என்ற பகுதியைப் படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மாநில அரசின் அனுமதியின்றிக் கைமாற்றக் கூடாது என்று அங்கே இருக்கும். சிலவற்றில் வாடகைக்கு விடுவதற்கே தடை இருக்கும். நில அலுவலகத்தில் ‘சாரியான் ரஸ்மி’ (அதிகாரபூர்வத் தேடல் அறிக்கை) எடுத்தால் பெயர், வகை, தடை, அடமானம், கேவியட் (பிறர் பதிந்த தடைக் குறிப்பு) எல்லாம் ஒரே தாளில் தெரிந்துவிடும்.

கடைசியாக அந்தத் தோட்ட ‘லாட்’. ஐம்பது அறுபதுகளில் தோட்டத் துண்டாடல் நடந்தபோது லயத்து வீடுகளை விட்டுத் துரத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளிடம்தான் இன்று இந்தத் துண்டுகள் விற்கப்படுகின்றன. துண்டாடலுக்கு எதிராகத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் இதே சுங்கை சிப்புட்காரர். 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள தோட்ட நிலத்தைக் கூறுபோட்டு விற்க, நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின் கீழ் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். சின்ன நிலமானாலும், விவசாய வகை நிலத்தை 0.4 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் ஒரு ஏக்கருக்குக் குறைவாகப் பிரித்துத் தனிக் கெரான் தர முடியாது. அப்படியானால் 5,000 சதுர அடி ‘லாட்’ என்று உங்களிடம் விற்கப்படுவது எது? முப்பது பேர் பெயர் ஏறும் ஒரே கெரானில் பிரிக்கப்படாத ஒரு பங்கு, அல்லது பெயரே ஏறாத வெறும் ஒப்பந்தத் தாள். எந்த மூலை உங்களுடையது என்பது விற்பவர் வரைந்த படத்தில் மட்டும் இருக்கும். அந்தப் பங்கை வைத்து வீட்டுக் கடன் தர வங்கி வராது.

விற்பவரிடம் மூன்று தாள் கேளுங்கள்: இந்த மாதத் தேதியிட்ட சாரியான் ரஸ்மி, நில வகையை விவசாயத்திலிருந்து கட்டடத்துக்கு மாற்றிய ஒப்புதல், நகராண்மைக் கழகம் ஒப்புதல் தந்த மனைப் படம். “எல்லாம் பிராசஸில் இருக்கு” என்று பதில் வந்தால், பணமும் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.